போர்த்திவிடும் வேலை

அந்தக் கலைக்கூடத்தில் அவரை எல்லோரும் சைலன்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். பார்வையாளர்கள் யாராவது சத்தமாகப் பேசினால் உதட்டில் விரலை வைத்து ‘ஷ்’ என்பார். அவர்கள் பேசியதைவிட அந்த ‘ஷ்’ பெரிதாகக் கேட்கும். தனக்கு இப்படி ஒரு பட்டப்பெயர் இருப்பது தெரிந்தும் அவர் கோபித்துக்கொண்டதில்லை. இருபத்தெட்டு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்று, இங்கே காவல் வேலைக்குச் சேர்ந்தவர். அடுக்குமாடிக் கட்டிடங்களின் இருட்டுக் குழிக்குள் ஒற்றை ஆளாக இறங்கி கிரீஸ் தடவிப் பழகியவருக்கு, ஒரு மூலையில் நாற்காலி போட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பது பெரிய பாடாகத் தெரியவில்லை.

மனைவி மகள் வீட்டுக்குப் போய் நான்கு வருடம் ஆகியிருந்தது. சண்டை எதுவும் இல்லை. மகளுக்குப் பிரசவம், ஒத்தாசைக்கு மூன்று மாதம் இருந்துவிட்டு வருகிறேன் என்று ஒரே ஒரு பெட்டியோடு போனாள். குழந்தை தவழ்ந்தது, நடந்தது, இப்போது பள்ளிக்கூட வேனில் ஏறிக் கையாட்டவும் ஆரம்பித்துவிட்டது. அவள் வரவில்லை. வா என்று இவர் அழுத்திக் கேட்கவும் இல்லை, வரமாட்டேன் என்று அவள் வாய்விட்டுச் சொல்லவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஃபோன் வரும்.

“சாப்பிட்டீங்களா?”

“ஆச்சு.”

“பிரஷர் மாத்திரை?”

“போட்டாச்சு.”

அதற்குமேல் இருவருக்கும் பேச்சு வற்றிவிடும். நல்லவேளையாகப் பேரன் வந்து ஃபோனைப் பிடுங்கிக்கொள்வான்.

சமையல் கற்றுக்கொண்டார் என்று சொல்ல முடியாது. பசி அடங்குகிற அளவுக்கு எதையாவது வேகவைக்கக் கற்றுக்கொண்டார். இரட்டைக் கட்டிலில் அவள் படுக்கும் பக்கம், துவைத்து மடிக்காத துணிகள் குவிந்துகொண்டே வந்தன. ஒருநாள் காலையில் அரைத் தூக்கத்தில் திரும்பியவர், ஆள் படுத்திருப்பதாக நினைத்து நகர்ந்து இடம் விட்டார். அன்றிலிருந்து ஹால் சோபாவில் படுக்க ஆரம்பித்தார்.

இப்படி இருக்கும்போதுதான் கலைக்கூடத்துக்குக் கட்டில்கள் வந்து இறங்கின.

நாற்பது வயதைத் தாண்டிய ஒரு பெண் செய்த படைப்பு அது. ஊழியர்கள் அவரை ஆர்டிஸ்ட் மேடம் என்றார்கள். பெரிய கூடத்தில் ஏழு கட்டில்கள்: மடக்குக் கட்டில், ஆஸ்பத்திரிக் கட்டில், ஹாஸ்டல் கட்டில், அகலமான இரட்டைக் கட்டில் என்று ஒவ்வொன்றும் ஒரு தினுசு. பழைய சட்டை, நைட்டி, பள்ளிச் சீருடை, துவாலை எல்லாவற்றையும் பல வீடுகளிலிருந்து வாங்கி ஒட்டுப்போட்டுத் தைத்த போர்வைகள். பார்க்க வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு கட்டிலில் படுத்துக்கொள்ள வேண்டும். வீட்டில் போடுகிற சாதாரண சட்டையும் பேன்ட்டும் போட்ட ஒரு ஆண் வந்து போர்த்திவிடுவார், விளக்கைத் தணிப்பார், பக்கத்து நாற்காலியில் பத்து நிமிடம் உட்கார்ந்திருப்பார். யாரும் பேசக் கூடாது. அவ்வளவுதான் படைப்பு. வெளியே சுவரில் பெரிய எழுத்தில் ஒரு கேள்வி: ‘உங்கள் வீட்டில் உங்களுக்குப் போர்த்திவிட்டது யார்?’ பக்கத்தில் துண்டுச் சீட்டுகளும் ஒரு பெட்டியும்.

கட்டில்களைப் பூட்டிக்கொடுத்தது சைலன்சர்தான். ஸ்பானரைப் பிடித்ததும் கைக்குப் பழைய தெம்பு வந்துவிட்டது. வேலை முடிந்ததும் மேலாளரிடம் கேட்டார், “வீட்டுல கட்டில் இல்லாமலா இங்க வந்து படுக்கப்போறாங்க?”

“அண்ணே, இதுக்குப் பேரு கலை.”

“படுத்தா கலையா?”

“நீங்க படுத்தா தூக்கம். அவங்க படுத்தா கலை,” என்றார் மேலாளர். அவருக்கும் அதற்குமேல் தெரியாது.

போர்த்திவிடுவதற்கென்று ஒரு நாடக நடிகரை ஏற்பாடு செய்திருந்தார்கள். கண்ணில் கருணை வழிய, பார்வையாளர் நெற்றிக்கு மேலே காற்றைத் தடவிக்கொடுத்து, பெருமூச்சு விட்டு, ஒரு தாயையே கண்முன் நிறுத்தினார் மனிதர். “நடிக்காதீங்க, போர்த்துங்க போதும்,” என்று ஆர்டிஸ்ட் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனார். ஒன்பதாம் நாள் நடிகருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. டாக்டர் மூன்று வாரம் குனியக் கூடாது என்றுவிட்டார். குனியாமல் எப்படிப் போர்த்துவது?

கண்காட்சி முடிய இன்னும் ஐந்து வாரம் இருந்தது. கூடத்து மூலையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரை ஆர்டிஸ்ட் திரும்பிப் பார்த்தார்.

“சார், நீங்க பண்றீங்களா?”

“எனக்கு அதெல்லாம் வராது மேடம்.”

“வராதுன்னுதான் கேக்குறேன்.”

“யாருக்கும் போர்த்திவிட்டுப் பழக்கமில்லைங்க.”

“பொண்ணுக்குக்கூட?”

அவர் யோசித்துப் பார்த்தார். மகள் சிறியவளாக இருந்தபோது எந்தப் பக்கம் தலை வைத்துப் படுப்பாள் என்றுகூட நினைவுக்கு வரவில்லை. “அதெல்லாம் அவ அம்மா பாத்துக்குவா,” என்றார். சொன்ன பிறகு அந்த வாக்கியம் காதில் என்னவோபோல் ஒலித்தது.

மறுநாள் சரி என்றார். ஒத்திகைக்காக ஆர்டிஸ்ட் மடக்குக் கட்டிலில் படுத்தார். சைலன்சர் போர்வையின் இரண்டு முனையைப் பிடித்து, மோட்டார் மேல் தார்ப்பாய் போடுகிற மாதிரி ஒரே வீச்சாக வீசினார். அது தலையோடு கால் முழுக்க மூடிவிட்டது. உள்ளேயிருந்து குரல் வந்தது: “சார், நான் இன்னும் உயிரோடதான் இருக்கேன்.”

மேலாளர் சிரித்த சிரிப்பில் சைலன்சரே ‘ஷ்’ சொல்ல மறந்துவிட்டார்.

இரண்டாம் முறை கால் வெளியே நின்றது. மூன்றாம் முறை கழுத்து இறுகியது. காதெல்லாம் சூடாகிப்போய், போதும், விட்டுவிடலாம் என்று நின்றவருக்கு, சட்டென்று தன் கழுத்தில் ஒரு உணர்வு தட்டியது.

இரவெல்லாம் பிரேக்டவுன் வேலை முடிந்து காலையில் வீட்டுக்கு வந்து படுக்கிற நாட்கள் அவை. எட்டரை மணிக்கு மனைவி பள்ளிக்கூட அலுவலகத்துக்குக் கிளம்புவாள். கிளம்புமுன் திரைச்சீலையை இழுத்துவிட்டு, போர்வையை முதலில் அவர் பாதத்துக்கு அடியில் செருகுவாள். பிறகு மேலே இழுத்து, கம்பளியின் ஓரம் கழுத்தில் குத்தும் என்பதால் ஒரு உள்ளங்கை அகலம் மடித்துவிடுவாள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தம் வராமல் கதவைச் சாத்துவாள். அவர் அப்போது விழித்துக்கொண்டுதான் இருப்பார். கண்ணைத் திறந்தால் கேஸ் தீர்ந்துபோச்சு, பொண்ணு ஸ்கூல்ல கூப்பிட்டிருக்காங்க என்று ஏதாவது ஆரம்பிப்பாள். அதனால் தூங்குகிறமாதிரி படுத்திருப்பார்.

அவர் போர்வையை எடுத்தார். பாதத்தில் தொடங்கினார். மேலே வந்து, ஓரத்தை உள்ளங்கை அகலத்துக்கு மடித்துவிட்டு, இரண்டடி பின்னால் நகர்ந்து நின்றார்.

ஆர்டிஸ்ட் கொஞ்ச நேரம் எழுந்திருக்கவே இல்லை. பிறகு, “இதை எங்க கத்துக்கிட்டீங்க?” என்று கேட்டார்.

“வீட்டுல,” என்றார் அவர்.

அடுத்து வந்த நாட்களில் எத்தனையோ பேருக்குப் போர்த்திவிட்டார். நண்பர்களோடு கேலி பேசிக்கொண்டு வந்த ஒரு பயில்வான், ஹாஸ்டல் கட்டில் முனக ஏறிப் படுத்தான்; பாதத்தில் போர்வையைச் செருகியதும் சிரிப்பு நின்று, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். ஒரு பெண் பத்து நிமிடமும் கண்ணை மூடாமல் இவர் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள், எப்போது தப்பாக ஒரு அங்குலம் நகரும் என்பதுபோல. நகரவில்லை என்று உறுதியானதும் கடைசி அரை நிமிடம் கண்ணை மூடினாள். தோளில் ஆபீஸ் பையோடு வந்த இன்னொருத்தி படுத்த மாத்திரத்தில் நிஜமாகவே தூங்கிப்போனாள். சன்னமான குறட்டை வேறு. பத்து நிமிடம் இருபதானது. வெளியே வரிசை நெளிந்தது. மேலாளர் எட்டிப் பார்த்து மணிக்கட்டைத் தட்டிக்காட்டினார். சைலன்சர் அவரைப் பார்த்து ‘ஷ்’ என்றார். ஆனால் இந்தத் தடவை அது உதட்டைத் தாண்டவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து அவள் தானாக எழுந்து, எங்கே இருக்கிறோம் என்று புரியாமல் விழித்து, “மன்னிச்சுக்குங்க, மன்னிச்சுக்குங்க,” என்று செருப்பைத் தேடினாள். பேசக் கூடாது என்ற விதியால் அவர் தலையை மட்டும் அசைத்தார்.

மாலை கதவடைத்த பிறகு, பெட்டியில் விழுந்த சீட்டுகளை எடுத்து நீவி அடுக்கும் வேலையையும் அவராகவே எடுத்துக்கொண்டார். ‘அம்மா’, ‘அம்மா’, ‘பெரியக்கா’, ‘அம்மா’, ‘ஹாஸ்டல் வார்டன், ஒரே ஒரு முறை’. ஒன்றில் இப்படி இருந்தது: ‘அப்பா. அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த ஒரு வாரம் மட்டும். கால் தெரியும்படி போர்த்துவார்.’ இன்னொன்றில் ‘நானே’ என்று மட்டும். அந்தக் கையெழுத்து யாருடையது என்று ஊகிக்க முயன்று தோற்றார்.

பகலில் இத்தனை பேர் மூச்சுவிடுகிற சத்தத்தைக் கேட்டுவிட்டு வீடு திரும்புவது முன்னைவிடக் கஷ்டமாக இருந்தது. முன்பு அந்த வீடு வெறும் காலியாக இருந்தது. இப்போது யாரோ அப்போதுதான் எழுந்துபோனதுபோல் இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை ஃபோனில், மாத்திரை போட்டாச்சு என்றதற்குப் பிறகும் அவர் வைக்கவில்லை.

“வேலையை மாத்திட்டாங்க,” என்றார்.

“என்ன வேலை?”

“கட்டில்… படுக்கிறவங்களைப் பாத்துக்கிற வேலை.”

“ஆஸ்பத்திரியிலயா? இந்த வயசுல எதுக்குங்க உங்களுக்கு இதெல்லாம்?”

“ஆஸ்பத்திரி இல்ல. சும்மா படுக்கிறவங்க.”

“என்னது?”

விளக்கத் தெரியாமல் பேரனைக் கூப்பிடச் சொன்னார்.

ஆனால் யாரோ ஒரு பார்வையாளர் எடுத்த வீடியோ ஊர் சுற்ற ஆரம்பித்தது. அரை நிமிடம்தான். நரைத்த தலையோடு ஒருவர் குனிந்து, யாரோ ஒரு பையனுக்குக் கழுத்தருகே போர்வையை மடித்துவிடுகிறார். மகள் ஃபோன் செய்து, “அப்பா! இது நீங்களா? என் ஆபீஸ்ல எல்லாரும் பாக்குறாங்க!” என்று கத்தினாள்.

“அம்மா பாத்தாளா?”

“பாத்தாங்க.” மகள் குரல் கொஞ்சம் இறங்கியது. “ரெண்டு தடவை போடச் சொல்லிப் பாத்தாங்க. ஒண்ணும் சொல்லலப்பா.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஃபோன் வரவில்லை. செவ்வாய்க்கிழமை மனைவியே வந்தாள்.

மடக்குக் கட்டிலுக்கு அடுத்த ஆள் வந்து படுத்துவிட்டதைப் பார்த்து, வழக்கம்போல் போர்வையோடு போனார். கட்டிலுக்குக் கீழே ஒரு பயணப் பை. பக்கத்தில் ஜோடியாக, மூக்கு வெளியே பார்க்க வைத்த செருப்பு. அப்படி வைப்பவள் ஒருத்திதான். நிமிர்ந்து பார்த்தார். அவள் கூரையைப் பார்த்துப் படுத்திருந்தாள். முன்நெற்றி முழுக்க வெளுத்திருந்தது. இளைத்திருந்தாள், ஆனால் முகத்தில் நல்ல தெளிவு.

அவர் கை தன்பாட்டுக்குத் தன் வேலையைச் செய்தது. பாதத்தில் செருகினார். மேலே இழுத்தார். ஓரத்தை மடித்துவிட்டார். விளக்கைத் தணித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

“இது நான் பண்றதுதானே?” என்றாள் அவள், கூரையைப் பார்த்தபடியே.

பேசக் கூடாத அறை அது. “ஆமா,” என்றார் அவர்.

“அப்போ நீங்க தூங்கலையா?”

“இல்ல.”

“என்னைக்காவது ஒரு நாளா?”

பொய் சொல்லியிருக்கலாம். “நெறைய நாள்,” என்றார்.

 வெளியே வரிசையில் யாரோ இருமினார்.

“நீங்க அசந்து தூங்குறீங்கன்னு செருப்பைக் கையில எடுத்துக்கிட்டுப் படியிறங்குவேன். வெறுங்கால்ல, மூணு மாடி.” குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. “முழிச்சுக்கிட்டுத்தான இருந்தீங்க. ஒரு நாள், ஒரே ஒரு நாள், எனக்கும் போர்த்தி விட்டிருக்கலாமேங்க. ஊரான் பிள்ளைங்களுக்கெல்லாம் இவ்வளவு பதமா பண்றீங்க. எனக்குன்னா டிக்கெட் எடுத்துக்கிட்டு வந்து வரிசையில நிக்கணுமா?”

 பத்து நிமிடம் முடிந்தது. அவள் எழுந்து உட்கார்ந்து, பழக்க தோஷத்தில் போர்வையை மடிக்கத் தொடங்கினாள். பாதி மடித்தவள், தன் கையையே ஒரு கணம் பார்த்தாள். பிறகு அப்படியே கட்டிலில் போட்டுவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

அன்று மதியம் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, கலைக்கூடத்து கேன்டீனில் அவளோடு உட்கார்ந்தார். டீ வந்தது. அவள் சர்க்கரை போடாமல் குடித்தாள். எப்போதிலிருந்து என்று அவருக்குத் தெரியவில்லை.

“வீட்டுக்கு வாயேன்,” என்றார். நான்கு வருடத்தில் முதல் தடவையாக வாய்விட்டுக் கேட்டது.

“அஞ்சரைக்கு பஸ். டிக்கெட் போட்டுட்டுத்தான் வந்தேன்.”

“கோவமா?”

“கோவம்லாம் எப்பவோ போச்சு. அலுப்புங்க.” டம்ளரை உருட்டிக்கொண்டே சொன்னாள். “அங்க எனக்குன்னு ஒரு ரூம் இருக்கு. சின்னதுதான். கதவைச் சாத்திக்கிட்டா யாரும் கூப்பிடமாட்டாங்க. காலையில நடக்கப் போறேன், நாலு சிநேகிதிங்க கெடைச்சிருக்காங்க. நாங்க பேசுற பேச்சைக் கேட்டா நீங்க ‘ஷ்’ம்பீங்க.” லேசாகச் சிரித்தாள். “இனிமே அங்கேயே இருந்துடறேன். அதை நேர்ல சொல்லணும்னு தோணுச்சு. ஃபோன்ல சொன்னா நீங்க ‘ஆச்சு’ன்னுட்டு வெச்சுடுவீங்க.”

பஸ் நிலையம் வரை கூடப்போனார். பையை அவர்தான் தூக்கினார். மன்னிப்பு மாதிரி எதையோ சொல்ல நாலைந்து தடவை வாயெடுத்தார். ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒரு பஸ் ஹாரன் அடித்தது. கடைசியில் ஜன்னல் வழியாக, “எனக்குத் தெரியும், தெரிஞ்சேதான் படுத்திருந்தேன்,” என்றார். அது மன்னிப்பா குற்றத்தை ஒப்புக்கொண்டதா என்று அவருக்கே விளங்கவில்லை. அவள், “சரி, போங்க, வெயில்ல நிக்காதீங்க,” என்றாள்.

கண்காட்சி முடிந்தது. கட்டில்களை அவரே கழற்றிக்கொடுத்தார். அடுத்த ஊருக்கும் வாருங்கள், தங்க இடம் தருகிறோம் என்று ஆர்டிஸ்ட் கேட்டபோது மாட்டேன் என்றார். ஏன் என்று அவர் கேட்டதற்கு, “போதும் மேடம், அது அவ வேலை. நான் காப்பியடிச்சுக்கிட்டு இருந்தேன்,” என்றார். ஆர்டிஸ்ட் அதை நோட்டில் எழுதிக்கொண்டார். எழுதிக்கொள்ள அதில் என்ன இருக்கிறது என்று இவருக்குப் புரியவில்லை.

இரண்டு மாதம் கழித்து மகள் ஃபோனில் பேசும்போது, போகிற போக்கில் ஒரு விஷயத்தைச் சொன்னாள். அம்மாவின் சிநேகிதிகள் ஆறு நாள் மலைப்பக்கம் சுற்றுலா போகிறார்கள், அம்மா வரவில்லை என்று சொல்லிவிட்டாள், பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பையனைப் பார்த்துக்கொள்ள ஆளில்லையே என்று.

“நான் வரேன்,” என்றார் சைலன்சர்.

 லைன் போய்விட்டதோ என்று ஃபோனைப் பார்த்தார்.

“நீங்களா?” என்றாள் மகள்.

மேலாளரிடம் சரியாக ஆறு நாள் லீவு எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார். அவர் போய் இறங்கிய காலையில் மனைவி வாசலில் தொப்பியோடு நின்றிருந்தாள். தொப்பி போட்டு அவளை அவர் பார்த்ததே இல்லை. வேன் காத்திருந்தது. ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த தாளைக் காட்டி, “எல்லாம் அதுல இருக்கு. பால் காயுறப்போ பக்கத்துலயே நில்லுங்க,” என்றாள். “நிக்கிறேன்,” என்றார். வேனுக்குள்ளிருந்து பெண்களின் பெருஞ்சிரிப்பு. அவள் ஏறியதும் அது இன்னும் பெரிதானது.

முதல் நாள் பால் பொங்கி அடுப்பு அணைந்தது. இரண்டாம் நாள் பேரனின் சீருடைச் சட்டையை உள்ளும் புறமும் மாற்றிப் போட்டு வேனில் ஏற்றிவிட்டார். மூன்றாம் நாளிலிருந்து தேறினார். அவருக்கு அவளுடைய அறையைத்தான் ஒதுக்கியிருந்தார்கள். ஒற்றைக் கட்டில், ஒரு மேசை, ஜன்னலில் ஒரு செடி. அலமாரியைத் திறக்கவில்லை. செடிக்கு மட்டும் தண்ணீர் ஊற்றினார். மதியத்தில் வீட்டில் யாரும் இல்லாதபோது, கதவைச் சாத்திப் பார்த்தார். அவள் சொன்னது சரிதான். யாரும் கூப்பிடவில்லை. அது அவளுக்கு ஏன் அவ்வளவு பெரிய விஷயமாக இருந்தது என்று, தன்னை யாருமே கூப்பிடாத மனிதர், அங்கே உட்கார்ந்து ரொம்ப நேரம் யோசித்தார்.

ஆறாம் நாள் மலைப்பாதையில் பாறை சரிந்து வண்டிகள் நின்றுவிட்டன, மறுநாள்தான் வர முடியும் என்று தகவல் வந்தது. மேலாளருக்கு ஃபோன் செய்து இன்னும் இரண்டு நாள் கேட்டார். நாளை மறுநாள் புதுக் கண்காட்சி திறப்பு, முழுக்கக் கண்ணாடிச் சாமான், ஆள் இல்லாமல் முடியாது, ஒரு நாள்தான் தரலாம் என்றார் மேலாளர். மறுநாள் காலை மகள் லீவு போட்டாள். இவர் அறையைப் பெருக்கி, படுக்கை விரிப்பை மாற்றி, பேரனை வேனில் ஏற்றிவிட்டு, பதினொரு மணி பஸ்ஸைப் பிடித்தார்.

வழியில், ஏதோ ஒரு ஊரில் பஸ் சாப்பாட்டுக்கு நின்றபோது மகளைக் கூப்பிட்டார்.

“வந்துட்டாங்கப்பா. நீங்க போயி ரெண்டு மணி நேரத்துல வந்துட்டாங்க.”

“என்ன சொன்னா?”

“நீங்க எங்கன்னு கேட்டாங்க. கெளம்பிட்டாருன்னேன். ரூமைப் போய்ப் பாத்துட்டு, விரிப்பை நீங்களா மாத்துனீங்கன்னு கேட்டாங்க. ஆமான்னேன். அவ்வளவுதான். கூப்பிடவா? தூங்குறாங்க.”

“நெஜமாவே தூங்குறாளா?”

“அசந்து தூங்குறாங்கப்பா. வாயைத் தெறந்துக்கிட்டு.”

“எழுப்பாத,” என்று சொல்லி ஃபோனைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். கண்டக்டர் விசில் அடித்தார். கையிலிருந்த பிஸ்கட் பொட்டலத்தைப் பிரிக்காமலே போய் ஏறி, ஜன்னலோரமாக உட்கார்ந்தார். பக்கத்து இருக்கைக்குக் கடைசி நிறுத்தம் வரை ஆள் வரவில்லை.